முழு டிக்கெட்

பையின் ஜிப் பிய்ந்துவிட்டது. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் மரத்தடியில் உட்கார்ந்து பை, குடை, செருப்பு எல்லாம் சரிசெய்கிறவரிடம் கொண்டுபோனேன். வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள கெடக்கிறதை எடுத்துட்டுக் குடுங்க சார். சாமானோட எப்படித் தைக்க?" என்றார். அவர் விரித்திருந்த சாக்கின் ஓரத்தில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். மூடி நசுங்கிய பிளாஸ்க். எவர்சில்வர் டம்ளர்கள். ஒரு காசித்துண்டு. ரப்பர் பேண்ட் போட்ட பழைய ரயில் டிக்கெட்டுகள். எல்லாவற்றுக்கும் அடியில், மடிப்புக் கலையாமல், மெரூன் நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட சுங்கடித் துணி ஒன்று.

"சேலைத் துண்டா? தாங்க, துடைக்க ஆகும்" என்று கையை நீட்டினார்.

"இது தலையில கட்டுறது" என்று சொல்லிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஜிப் மாற்ற அரைமணி நேரம் ஆகும் என்றார். பக்கத்து டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில் அதற்கு ஆஸ்பத்திரிப் பை என்று பெயர். என் மனைவிக்கு மார்பில் கட்டி என்று தெரிந்த வருஷம் வாங்கியது. அவள் அப்போது உதவிபெறும் பள்ளிக்கூடம் ஒன்றில் இரண்டாம் வகுப்பு டீச்சர். நான் தபால் ஆபீஸ் கவுண்டரில். மகள் கல்யாணமாகிச் சென்னைக்குப் போயிருந்தாள். அதனால் வைத்தியம் சென்னையில் என்று ஆயிற்று. ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் எழும்பூர்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் குடும்பத்தில் இந்த நோயை யாரும் பெயர் சொல்லிக் கேட்டதில்லை. பெரியம்மா ஒருத்தி பின்கட்டு அறையில் கிடந்தாள். அந்த அறை வாசலில் எந்நேரமும் சாம்பிராணி புகையும். "பெரியம்மாவுக்கு என்ன?" என்று கேட்டால், "உடம்பு சரியில்லை, போய் விளையாடு" என்பார்கள். மார்பில் வந்த புண்ணை அவள் வெகுநாள் பெரியப்பாவிடம்கூடக் காட்டவில்லை என்பதை எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா சொன்னாள். சாம்பிராணி எதற்கு என்பதும் அப்போதுதான் விளங்கியது.

கொஞ்சம் வசதியுள்ள வீடுகளில் "அடையாறுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க" என்பார்கள். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். தன் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய ஆஸ்பத்திரி அது. மறுவருஷம் அங்கே வேலைக்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் காலமாகும்வரை அதே வளாகத்தில் குடியிருந்தார். எத்தனையோ பேர் அங்கிருந்து நடந்து ஊர் திரும்பியிருக்கிறார்கள். ஆனாலும் எங்கள் தெருவில் அடையாறு என்றால் குரல் இறங்கிவிடும். திரும்பி வந்தவர்கள் தாங்கள் எங்கே போய்வந்தோம் என்பதை வெளியில் சொல்லவில்லை. அதனால் போனவர்களின் கதை மட்டும்தான் ஊரில் புழங்கியது.

என் மனைவி அந்த வழக்கத்தை முதல் வாரத்திலேயே முடித்துவைத்தாள். தெருவில் யார் கேட்டாலும் "கேன்சர்தான். மருந்து இருக்குன்னு சொல்லிருக்காங்க" என்பாள், கருவேப்பிலை வாங்கப் போகிற குரலில். கேட்டவர்கள்தான் என்ன சொல்வதென்று தெரியாமல் முந்தானையைச் சரிசெய்தார்கள். எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. ரயில்வேயில் புற்றுநோயாளிக்குச் சலுகை உண்டு. சிகிச்சைக்குப் போய்வர ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணம் இல்லை, துணைக்குப் போகிறவருக்குக் கால் பங்கு. ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கிய படிவத்தைக் கவுண்டரில் கொடுக்க வேண்டும். முதல் தடவை அதை நீட்டியபோது, எனக்குப் பின்னால் நின்றவர் எட்டிப் படித்துவிட்டு ஓரடி தள்ளி நின்றார். கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்தே பழகியவன் நான். வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

அந்த முதல் வைத்தியம் முழுக்க எண்ணிக்கையாகவே போனது. 21 நாளுக்கு ஒரு முறை சிவப்பு மருந்து. டாக்ஸோரூபிசின் என்று பாட்டிலில் எழுதியிருக்கும். அது ஏறிய மறுநாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று நர்ஸ் முன்கூட்டியே சொல்லி அனுப்புவார். அவள் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டு, ஒவ்வொரு ஊசி முடிந்ததும் சிவப்புப் பேனாவால் டிக் அடித்தாள். ஏடு திருத்துகிற அதே டிக். முடி கொட்டத் தொடங்கியதும் மதுரையில் வாங்கிய பழைய சுங்கடிச் சேலையை வெட்டி, தையல் மிஷினில் ஓரம் அடித்து, தலைத்துணிகள் தைத்துக்கொண்டாள். கடையில் விற்கிற தொப்பி உச்சியில் வேர்க்கிறது என்றாள். துவைத்துத் துவைத்து நூல் இளகிய பருத்திதான் முடியில்லாத தலைக்கு உறுத்தாதாம்.

அடுத்த மருந்தில் கால் பிரச்சினையும் சேர்ந்துகொண்டது. பேக்லிடாக்செல் போட்ட சில வாரத்தில் பாதம் மரத்துவிட்டது. "காலுக்குக் கீழ மிதி இருக்கா இல்லையான்னே தெரியலைங்க" என்று மிஷின் முன்னால் உட்கார்ந்தபடி சொன்னாள். நான் தரையில் உட்கார்ந்து கையால் மிதியை ஆட்ட, அவள் மேலே துணியைத் தள்ள, ஓரம் கோணிக்கொண்டு போனது. அப்படிக் கோணலாகத் தைத்த துணிகளில் ஒன்றுதான் இப்போது என் சட்டைப்பையில் இருப்பது.

ரேடியேஷனுக்காக மார்பில் மையால் கோடு போட்டிருந்தார்கள். அது அழியாமல் இருக்கவேண்டும் என்று சித்திரை வெயிலில் சோப்பில்லாமல் குளித்தாள். எல்லாக் கட்டமும் டிக் ஆனது. புதுமுடி சுருட்டையாக முளைத்தது. "டீச்சர் தலை பொம்மைத் தலை மாதிரி இருக்கு" என்று பிள்ளைகள் தொட்டுப் பார்க்க வரிசையில் நின்றார்கள். பிறகு ஐந்து வருஷம் தினம் ஒரு மாத்திரை. கடைசி அட்டையின் கடைசி மாத்திரையை விழுங்கிய அன்றைக்குப் பால்பாயசம் வைத்தோம். ஆஸ்பத்திரிப் பை பரணுக்குப் போனது.

அது திரும்ப இறங்கியது ஒரு முதுகுவலியால். மிஷின் மிதித்து மிதித்து வந்தது என்று அவள் சொன்னாள். வயசு என்று நான் சொன்னேன். கர்ப்பூராதி தைலம் தேய்த்துக்கொண்டாள். ராத்திரி புரண்டு படுக்கும்போது பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்ததும் சென்னைக்கு டிக்கெட் எடுத்தேன். முதுகெலும்பிலும் இடுப்பிலும் சில இடங்களில் இருக்கிறது என்று ஸ்கேன் சொன்னது.

டாக்டர் அம்மா நாற்காலியை மேஜைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். எலும்புக்குப் போயிருந்தாலும் இது அதே மார்பகப் புற்றுதான், எலும்புப் புற்று இல்லை. ஹார்மோனைப் பிடித்து வளர்கிற வகைக்கு இந்தக் குணம் உண்டு. சில செல்கள் வருஷக்கணக்கில் சும்மா கிடந்துவிட்டு எழும்பும், இருபது வருஷம் கழித்துக்கூட வரலாம். நீங்கள் சாப்பிட்டதாலோ சாப்பிடாமல் விட்டதாலோ வந்ததில்லை. இனி இதை அடியோடு எடுக்க முடியாது, அடக்கிவைக்க முடியும். இதெல்லாம் நான் பிறகு நினைத்து நினைத்துக் கோத்துக்கொண்டது. அந்த நேரத்தில் என் காதில் விழுந்தது பாதிதான். அவள்தான் டீச்சர்போல நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள்.

"மருந்து எத்தனை மாசம் டாக்டர்?"

"வேலை செய்யிற வரைக்கும்மா."

"அது எத்தனை மாசம்?"

"ஸ்கேன் பண்ணிப் பண்ணித்தான் பாக்கணும்."

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப கட்டம் போட முடியாதுல்லா" என்றாள். முதல் தடவை எங்களைத் தாங்கியது அந்தக் கட்டங்கள்தான் என்று அந்த நிமிஷம் எனக்கு உறைத்தது. எவ்வளவு வேதனையானாலும் இன்னும் மூன்று, இன்னும் இரண்டு என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. இப்போது கணக்குக்கு ஒரு முனை மட்டும்தான் இருந்தது.

இரண்டாவது வைத்தியத்துக்கு முதல் வைத்தியத்தின் கோலம் எதுவும் இல்லை. பால்போசிக்லிப் என்று ஒரு மருந்து, 21 நாள் தினம் ஒன்று, ஏழு நாள் ஓய்வு. அந்த ஓய்வில் ரத்தம் கொடுத்து வெள்ளை அணு எவ்வளவு என்று பார்ப்பார்கள். மாதம் ஒரு முறை இடுப்பின் இரண்டு பக்கமும் ஃபுல்வெஸ்ட்ரான்ட் ஊசி, எண்ணெய் மாதிரிக் கெட்டியாக இருப்பதால் மெதுவாக ஏற்ற வேண்டும். எலும்புக்குத் தனியாக ஒரு சொட்டு மருந்து. அதைப் போடும் முன் பல் டாக்டரிடம் போய்ச் சொத்தைப் பல்லை எல்லாம் சரிசெய்துவரச் சொன்னார்கள். பின்னால் பல் பிடுங்கினால் தாடை ஆறாதாம். தொடக்கத்தில் மாத்திரையின் விலை என் பென்ஷனைப் பார்த்துச் சிரித்தது. அவளுடைய வளையல்கள் சில போயின. 2023 தொடக்கத்தில் அதன் காப்புரிமை முடிந்து நம் நாட்டுக் கம்பெனிகள் செய்ய ஆரம்பித்தன. மருந்துக் கடைக்காரர் புது விலையைச் சொன்னபோது நான் பெயரைத் திரும்ப ஒருதடவை படித்துக்காட்டச் சொன்னேன்.

இந்த மருந்தில் அவள் முடி கொட்டவில்லை. அதில் ஒரு வினோதம் நேர்ந்தது. முதல் தடவை ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். இரண்டாவது தடவை பின்னலும் பூவுமாகக் கோயிலுக்குப் போகிறவளைப் பார்த்து, "நல்லாத்தான இருக்கிய மைனி!" என்றுவிட்டுப் போனார்கள். வருவதற்குப் பதில் போனில் அனுப்பினார்கள். முள்சீத்தா, கோதுமைப்புல் சாறு, கருஞ்சீரகம், காலையில் வெறும் வயிற்றில் எது எதையோ. அவள் ஒவ்வொன்றுக்கும் கும்பிடு போட்டுப் பதில் அனுப்பிவிட்டு அழித்துவிடுவாள். இன்னொன்றும் மாறியிருந்தது. முதல் தடவை குடும்பத்தில் ஒரு கல்யாணத்தில், ஆரத்தித் தட்டை அவளிடம் கொடுக்கப் போன கையைக் கிழவி ஒருத்தி கண்ணைக் காட்டி நிறுத்தினாள். இந்தத் தடவை அவளுடைய தம்பி மகன் கல்யாணத்தில், மருமகள் வாசலுக்கு வந்ததும், "எங்க பெரியத்தை எடுக்கட்டும்" என்று அந்தப் பிள்ளைகளே தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். யாரும் கண்ணைக் காட்டவில்லை.

அடுப்படி எனக்கு வந்ததும் இந்த வருஷங்களில்தான். முதல் தடவை தாளிக்கிற வாசனை பட்டாலே அவளுக்குக் குமட்டும் என்பதால் கஞ்சியும் பருப்புத் துவையலும் வைக்கப் பழகினேன். என் அம்மா இருந்திருந்தால் "ஆம்பளை அடுப்பூதுதான்" என்று தெருவைக் கூட்டியிருப்பாள். இப்போது சொதிகூட வைப்பேன். மூன்றாம் பால், இரண்டாம் பால், கடைசியில் முதல் பால் விட்டுக் கொதிக்கவிடாமல் இறக்க வேண்டும். அவள் கட்டிலில் இருந்தே, "பொங்குற வாடை வருது, இறக்குங்க" என்பாள். மூக்கு மட்டும் எந்த மருந்துக்கும் மசியவில்லை.

ஸ்கேன் நாள் எங்களுக்கு ஒரு பண்டிகை மாதிரி ஆனதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். குளுக்கோஸோடு கதிரியக்க ஃபுளோரின் சேர்ந்த ஊசி போடுவார்கள். புற்று இருக்கிற இடம் சர்க்கரையை அதிகமாக இழுத்துக்கொண்டு படத்தில் மின்னும். அந்த ஃபுளோரின் 110 நிமிஷத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அதனால் சில மணி நேரம் கைக்குழந்தைகள் பக்கம் போகக்கூடாது. மகள் வீட்டில் பேத்தி தவழ்ந்துகொண்டிருந்தாள். கண்டதும் மடிக்குத் தாவுகிற பிள்ளை. அதனால் வீட்டுக்குப் போகாமல் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய் இருட்டும்வரை, கூட்டத்திலிருந்து தள்ளி, மணலில் உட்கார்ந்திருப்போம். காலையிலிருந்து பட்டினி கிடந்தவளுக்கு மிளகாய் பஜ்ஜி வேண்டும். மகளை வளர்த்து, கடன் அடைத்து, வேலை பார்த்து முடித்த இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்து கடலைப் பார்த்த சாயங்காலங்கள் இவைதான். ரிசல்ட் மறுநாள்தான் வரும் என்பதால் அன்றைக்கு எதுவும் மோசமாக நடக்க வழியில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கொரு சிநேகிதர் கிடைத்தார். சங்கரன்கோவில் பக்கத்துச் சம்சாரி. அவருடைய சம்சாரத்துக்கும் இதேபோல் திரும்பி வந்தது. நாங்கள் மழையையும் பருத்தி விலையையும் பற்றிப் பேசுவோம். நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆம்பளைகள் வீட்டில் யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒன்று, பருத்தி விலை பேசுகிறபோதே கொஞ்சம் இறங்கிவிடும். பெண்கள் பக்கம் வேறுமாதிரி. என் மனைவி பையிலிருந்து தலைத்துணியை எடுத்து, புதிதாக முடி கொட்டியவர்களுக்குக் கட்டிக் காட்டுவாள். அவளுக்கு இப்போது தேவையில்லை என்றாலும் வீட்டில் தைத்துக்கொண்டே இருந்தாள். பாதத்தில் பழைய உணர்ச்சி பெரும்பாலும் திரும்பியிருந்தது. ஒவ்வொரு பயணத்திலும் நாலைந்து துணி பையில் போகும், ஒன்று மட்டும் மாதிரிக்காகத் திரும்பி வரும்.

2023 டிசம்பரில் திருநெல்வேலியையும் தூத்துக்குடியையும் மழை முக்கியபோது (காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்) அவளுடைய ஊசி எங்கள் ஃபிரிட்ஜில் இருந்தது. இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்து. கரண்ட் போனது போனதுதான். ஜங்ஷன் பக்கம் பஸ் ஸ்டாண்டில் தண்ணீர். குறுக்குத்துறை முருகன் கோயிலை ஆறு மூடிவிட்டதாகச் செய்தி. எங்கள் பகுதி மேடு, தண்ணீர் வரவில்லை, ஆனால் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. மருந்தை உருளைக்கிழங்கு வைக்கிற தூக்குவாளியில், ஐஸ்கட்டி மேலே படாமல் துண்டு சுற்றி வைத்து, குடை பிடித்துக்கொண்டு போனேன். தெருமுனைக்கு அந்தப் பக்கம் மருந்துக் கடை ஒன்றில் ஜெனரேட்டர் ஓடியது. கடைக்காரர் என்னைக் கண்டதும், "அக்கா ஊசியா? வாங்க, இன்சுலின் பக்கத்துல இடம் போட்டிருக்கேன்" என்றார். தெருவில் ஆறேழு வீட்டு மருந்துகள் அங்கே ஏற்கெனவே பெயர் எழுதி வரிசையாக இருந்தன.

இத்தனைக்கும் நடுவில் என்னைக் கடைசிவரை மிரட்டியது ரயில்வேயின் முன்பதிவுதான். அப்போது 120 நாளுக்கு முன்னால் டிக்கெட் எடுக்கலாம். எங்களுக்கோ மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன். அதாவது ரயில்வே எங்களைவிட ஒரு மாதம் தொலைவு பார்த்தது. தீபாவளிக்கு மகள் வீட்டுக்குப் போக எல்லாரும் ஆனியிலேயே எடுத்துவிடுவார்கள். "ஸ்கேன் வரட்டும், பார்த்துட்டு எடுப்போம்" என்பேன் நான்.

"ஸ்கேன் என்ன சொன்னாலும் தீபாவளி வரத்தான செய்யும்? எடுங்க. வேண்டாம்னா கேன்சல் பண்ணிக்கிடலாம்" என்பாள்.

சில தடவை கேன்சல் செய்தோம். பல தடவை போய்வந்தோம். ஒரு ஸ்கேனில் இடுப்பில் புதிதாக ஓர் இடம் மின்னியது, மருந்தை மாற்றினார்கள். அதற்குப் பிறகும் தீபாவளி வந்தது. முனை தெரியாத கணக்கில் எப்படி இருப்பது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. டிக்கெட் எடுத்து எடுத்துத்தான் பழகினேன். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள் என்று பேப்பரில் படித்துக் காட்டியபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ரயில்வேயும் நம்ம கணக்குக்கு வந்துட்டு, பாத்தியளா!"

அவள் பிறந்த ஊர் செங்கோட்டை. அவளுடைய அப்பா மிளகு வாங்கப் புனலூர் போகும்போது மீட்டர்கேஜ் ரயிலில் கூடப் போவாளாம். 1904-இல் போட்ட மலைப்பாதை. குகைகளும், தென்மலைக்குப் பக்கத்தில் பதிமூன்று கண் பாலமுமாக வளைந்து போகும். 2010-இல் அதை நிறுத்தி, அகலப்பாதையாக்கி 2018-இல் திறந்தார்கள். அந்த இடைப்பட்ட காலம் முழுக்க நாங்கள் வடக்கு நோக்கியே ரயிலேறிக்கொண்டிருந்தோம். புதுப்பாதையில் அவள் போனதே இல்லை. போன மாதம் ஸ்கேன் முடிந்து, இருந்தது இருந்தபடி இருக்கிறது என்று டாக்டர் சொன்ன கையோடு, கொல்லத்துக்குப் போகவேண்டும் என்றாள்.

தைத்த பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், அவளையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். கவுண்டரில் எங்களைத் தெரிந்த பையன்தான் இருந்தான். பார்த்ததுமே கையை நீட்டினான்.

"படிவம் குடுங்க சார்."

"இது ஆஸ்பத்திரிக்கு இல்ல தம்பி" என்று என்னை விலக்கிக்கொண்டு அவள் முன்னால் வந்தாள். "மலையைப் பாக்கப் போறோம். முழு டிக்கெட்டு போடுங்க."

மூத்த குடிமக்கள் சலுகையை 2020-இலேயே நிறுத்திவிட்டார்கள். ஆக முழு டிக்கெட் என்றால் உண்மையிலேயே முழு டிக்கெட். அவள் தன் பர்ஸிலிருந்து எடுத்து எண்ணிக் கொடுத்தாள்.

"லோயர் ஒண்ணு, மிடில் ஒண்ணு போடட்டுமாம்மா?"

"ரெண்டும் லோயராப் பாருங்க தம்பி. சன்னலுக்கு இவுககூட என்னால சண்டை போட முடியாது."